வாதக் கட்டுரை எழுதப் பழக: முதல் பக்கத்தை எதிராளிக்குக் கொடுங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக் என்கிற பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தை ஹோம் லாங்குவேஜாக, அதாவது முதல் மொழிப் பாடமாக, எடுக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாம் தாளில் கட்டுரைக்கு மட்டும் 50 மதிப்பெண். அதில் 30 உள்ளடக்கத்துக்கும் திட்டமிடலுக்கும், 15 மொழிநடைக்கும், கட்டமைப்புக்கு வெறும் 5. ஆனால் டர்பன் பக்கம் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தால், முன்னுரை, மூன்று பத்தி, முடிவுரை என்கிற அந்த 5 மதிப்பெண் சமாச்சாரத்தைத்தான். நாம் என்ன சொல்லப் போகிறோம், அதை நம்பாதவர் என்ன சொல்வார் என்று யோசிக்க யாரும் உட்கார வைப்பதில்லை. அதற்குத்தான் இதை எழுதுகிறேன். தமிழில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் முறை ஒன்றுதான். வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கும் ஆகும், நகராட்சிக்கு மனு எழுத நினைக்கும் பெரியவருக்கும் ஆகும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இரண்டு பக்கத்தையும் சமமாக அலசிவிட்டு முடிவை வாசிப்பவரிடம் விடும் கட்டுரை வேறு, வாதக் கட்டுரை வேறு. வாதக் கட்டுரையில் முதல் பத்தியிலேயே நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட வேண்டும், கடைசி வரை அங்கேயே நிற்க வேண்டும். வினாத்தாளில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று இரண்டு முறை படித்துவிடுங்கள்.

முதல் படி: ஒரே வாக்கியத்தில் நிலைப்பாடு

விவரம் தெரிந்த ஒருவர் மறுக்கக் கூடியதாக இருந்தால்தான் அது நிலைப்பாடு. "தீபாவளி மகிழ்ச்சியான பண்டிகை" என்று எழுதினால் யார் மறுக்கப் போகிறார்கள்? அதில் வாதிட ஒன்றுமில்லை. "தென்னாப்பிரிக்காவில் தீபாவளிக்குப் பொது விடுமுறை அளிக்க வேண்டும்" என்று எழுதுங்கள், உங்கள் பள்ளி முதல்வரே மறுப்பார். சரி, இதையே எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம். தாளின் தலையில் இதை பென்சிலால் எழுதுங்கள். ஏன் பென்சில் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இரண்டாம் படி: எதிராளியாக மாறி ஒரு பக்கம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். உங்கள் காரணங்களை எழுதுவதற்கு முன்பு, உங்களை மறுப்பவராகவே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். கேலிக்காக இல்லை, அவர் படித்தால் "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று தலையாட்ட வேண்டும். நமக்கு இது புதிதும் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை எழுதியபோது முதலில் பரபக்கம் என்று மற்றவர்களின் கொள்கைகளை வரிசையாகச் சொல்லி மறுத்துவிட்டு, அப்புறம்தான் சுபக்கம் என்று தன் பக்கத்துக்கு வந்தார்.

தீபாவளி விடுமுறையை மறுப்பவர் என்ன சொல்வார்? நாட்டில் ஏற்கெனவே வருடத்துக்கு 12 பொது விடுமுறை, இன்னொன்று சேர்த்தால் கடை, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் செலவு என்பார். மக்கள்தொகையில் இந்துக்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான், அதற்காக நாடு முழுவதும் கதவடைக்க வேண்டுமா என்பார். தீபாவளிக்குக் கொடுத்தால் ஈத் பெருநாளுக்கும் கொடுக்க வேண்டும், பிறகு எங்கே நிறுத்துவது என்பார். இதற்கெல்லாம் மேலே, அவர் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது: 1994ஆம் ஆண்டின் பொது விடுமுறைச் சட்டம், முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்கெனவே சொல்கிறது. வேண்டுமானால் வேறொரு விடுமுறையன்று வேலைக்கு வந்துவிட்டு தீபாவளிக்கு லீவு எடுத்துக்கொள், சட்டம் எதற்கு மாற வேண்டும்?

கஷ்டமாக இருக்கிறது இல்லையா? அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தை எழுதாமல் விட்டுவிட்டு "நம் உணர்வை மதிக்கவில்லை" என்று மூன்று பத்தி எழுதினால், அந்தச் சட்டத்தை அறிந்த ஒரே ஒருவர் படித்தால் போதும், கட்டுரை விழுந்துவிடும்.

இப்போது அந்தச் சட்ட வரியை நிதானமாகத் திரும்பப் படியுங்கள். "ஒத்துக்கொண்டால்." முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, உங்கள் கட்டுரை நுழைய வேண்டிய இடம் அதுதான். பென்சில் வரியை அழித்துவிட்டு இப்படி எழுதலாம்: "தீபாவளிக்கு விடுமுறையை மாற்றிக் கேட்கும் தொழிலாளியை முதலாளி தக்க காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது, அன்றைக்குப் பள்ளித் தேர்வும் வைக்கக் கூடாது." பார்த்தால் முதலில் கேட்டதைவிடச் சின்னக் கோரிக்கை. ஆனால் நாடு கதவடைக்க வேண்டியதில்லை, ஈத் பெருநாளுக்கும் இதே ஏற்பாடு செல்லும், நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கும் அடிபட்டுப் போகிறது. எதிராளியின் நான்கு காரணங்களில் மூன்று இப்படியே உதிர்ந்துவிட்டன, நீங்கள் இன்னும் ஒரு பத்திகூட எழுதவில்லை. இல்லை, பொது விடுமுறையேதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அந்த நான்குக்கும் பதில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

மூன்றாம் படி: ஆதாரம்

நம் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம். தீபாவளி பற்றிய கட்டுரையா, இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாக ஏற்றி வந்த ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேரும். தமிழ்ப் பாடம் பற்றியா, அதே கப்பல். பட்டாசால் நாய்கள் மிரள்வதைப் பற்றி எழுதச் சொன்னாலும் ட்ரூரோ வராமல் இருக்காது. பெரியவர்கள் பட்ட பாடு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு உண்மையை எழுதியதும் "அதனால் என்ன?" என்று கேளுங்கள். பதில் உங்கள் நிலைப்பாட்டில் போய் முடியவில்லை என்றால் அந்த வரி அலங்காரம்தான், அடித்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் வெட்டும் ஆதாரம் என்று ஒன்று உண்டு, அதில் கவனம் வேண்டும். மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிபிங்கோ மாரியம்மன் கோயில்களின் பெரிய திருவிழா ஈஸ்டர் விடுமுறையை ஒட்டித்தான் நடக்கிறது. "எங்கள் அம்மன்கூட மற்றவர்களின் நாட்காட்டிக்குள்தான் இடம் தேட வேண்டியிருக்கிறது" என்று நீங்கள் எழுதலாம். "பார், இருக்கிற விடுமுறையை வைத்தே நன்றாகத்தானே நடத்துகிறீர்கள்" என்று அவரும் எழுதலாம். இதைப் பயன்படுத்துவதாக இருந்தால் அவருடைய வாசிப்பையும் நீங்களே சொல்லி, தீபாவளித் தேதியை அப்படி நகர்த்த முடியாது, அது அமாவாசைக் கணக்கில் அக்டோபரிலோ நவம்பரிலோ, மெட்ரிக் தேர்வு நடக்கும் காலத்தில் வந்து நிற்கிறது என்று முடித்துக் கட்டுங்கள். அதற்கு இடம் இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

"பலர் நினைக்கிறார்கள்", "ஆய்வுகள் சொல்கின்றன" என்பதெல்லாம் ஆதாரம் இல்லை. யார், எங்கே, எப்போது என்று சொல்ல முடியாததை எழுதாமல் விடுவதே மேல்.

நான்காம் படி: பதில் சொல்வது

எதிராளிக்குப் பதில் சொல்ல மூன்று வழி இருக்கிறது. அவர் சொல்வது உண்மையல்ல என்று காட்டலாம். உண்மைதான், ஆனால் இங்கே பொருந்தாது என்று காட்டலாம். மூன்றாவது வழி, அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறாரோ அது பயப்பட வேண்டிய விஷயமே அல்ல என்று காட்டுவது. கடைசிதான் கடினம், எடுபட்டால் அதற்கு ஈடும் இல்லை.

நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. டர்பனில் ஒரு பெண்கள் பள்ளியில் தென்னிந்திய வழிவந்த இந்துக் குடும்பத்து மாணவி மூக்குத்தி அணிந்து வந்ததைப் பள்ளி தடுத்தது. அந்தக் குடும்பத்தின் பெயரால் 'பிள்ளை (Pillay) வழக்கு' என்று சொல்கிறார்களே அதுதான், அரசியலமைப்பு நீதிமன்றம் 2007 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மூக்குத்தி மதம் கட்டாயமாக்கிய ஒன்றல்ல, விருப்பம்தானே என்பது பள்ளித் தரப்பு. தானாக விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது நீதிமன்றம். இது இரண்டாவது வழி. ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் ஆளுக்கொன்று கேட்டு வருவார்களே என்ற அச்சத்துக்கு, தலைமை நீதிபதி பியஸ் லங்கா எழுதிய பதிலின் சாரம் இது: இதுவரை தங்கள் மதத்தையோ பண்பாட்டையோ வெளிக்காட்டப் பயந்திருந்த மாணவர்கள் இனித் துணிந்து வந்தால், அது கொண்டாட வேண்டிய விஷயம், அஞ்ச வேண்டிய விஷயமல்ல. எதிராளி ஆபத்து என்று காட்டியதையே தன் பக்கத்து லாபமாக எண்ணிக்கொண்டார் பாருங்கள். தீர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீளம்தான், இருந்தாலும் மெட்ரிக் எழுதும் பிள்ளைகள் அந்தப் பகுதியை மட்டுமாவது படிக்கலாம்.

ஐந்தாம் படி: பத்தி எழுதுவது

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த கை இப்படி எழுதும்:

"தீபாவளி நம் முன்னோர் தந்த திருநாள். இதற்கு லீவு தராதது மாபெரும் அநியாயம். எல்லோரும் சமம் என்றால் இந்தக் கொடுமை நடக்குமா? ஆகவே விடுமுறை வேண்டும்!"

மேடையில் இதற்குக் கைதட்டு விழும். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பேச்சாளர் அடுத்த வரிக்குப் போய்விடுவார், ஆதாரம் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். தாளில் கைதட்டு கிடையாது. ஏற்கெனவே உங்கள் கட்சியில் இருப்பவரைத் தவிர வேறு யாரையும் இந்தப் பத்தி அசைக்காது. இப்போது இதைப் பாருங்கள்:

"முதலாளியிடம் பேசி நாளை மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். சட்டம் அதற்கு இடம் தருவது உண்மைதான். ஆனால் முதலாளி சம்மதித்தால்தான் அது செல்லும். சூப்பர்மார்க்கெட் கல்லாவில் ஷிஃப்டுக்கு நிற்கும் பெண் கேட்கவே தயங்குவாள், கேட்டாலும் 'அன்றைக்கு ஆள் இல்லை' என்ற ஒரு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். கிறிஸ்துமஸுக்கு நிலைமை நேர்மாறு: அன்று வேலைக்கு வரச் சொல்ல முதலாளிதான் அவளுடைய சம்மதத்தைப் பெற வேண்டும். ஒரு பண்டிகைக்கு அவள் கேட்க வேண்டும், இன்னொரு பண்டிகைக்கு அவளைக் கேட்க வேண்டும். இந்த வித்தியாசத்தைத்தான் சட்டம் சரிசெய்ய வேண்டும்."

அநியாயம், கொடுமை என்ற சொற்கள் ஒன்றுகூட இல்லை, கோபம் மட்டும் வாசிப்பவருக்கு வருகிறது. எதிராளியின் பேச்சில் தொடங்கி, அதில் உண்மையான பாகத்தை ஒத்துக்கொண்டு, "ஆனால்" என்று திரும்பி, கண்ணுக்குத் தெரியும் ஒரு ஆளைக் காட்டி, நிலைப்பாட்டில் வந்து நிற்கிறது. எல்லாப் பத்தியும் இப்படியே இருந்தால் சலிப்புத் தட்டும், இரண்டு பத்திக்கு இது போதும்.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். அகராதி விளக்கத்தில் தொடங்காதீர்கள், "ஆதிகாலம் முதல்" என்றும் தொடங்காதீர்கள். முடிவுரையில் சொன்னதையே திருப்பிச் சொல்வதைவிட, நீங்கள் கேட்டதை யார் செய்ய வேண்டும், எந்த விதியை மாற்ற வேண்டும் என்று இரண்டு மூன்று வரியில் எழுதினால் தீர்ந்தது.

எழுதி முடித்ததும் உங்களோடு ஒத்துப்போகிறவரிடம் காட்டாதீர்கள், அம்மாவும் சித்தியும் எப்படியும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மறுக்கிற ஒருவரிடம் கொடுத்து, அவருடைய பக்கத்தை நீங்கள் எழுதியிருப்பது சரிதானா என்று மட்டும் கேளுங்கள். "நான் சொல்வது அதுவல்ல" என்றால் இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும். தேர்வு அறையில் அப்படி யாரும் கிடைக்க மாட்டார்கள், நேரமும் குறைவு. மூன்றாம் தாளில் கட்டுரைக்குச் சுமார் 80 நிமிடம் ஒதுக்கலாம். அதில் முதல் 15 எதிராளியின் பக்கத்துக்கு, அடுத்த 10 பென்சில் வரியைத் திருத்துவதற்கும் ஆதாரத்தைப் பொறுக்குவதற்கும், 45 எழுதுவதற்கு, மீதி 10 அநியாயத்தையும் கொடுமையையும் தேடி அடிப்பதற்கு.