டயர் விளக்கு எரிந்தால் ரீசெட்டைத் தேடாதீர்கள்

டேஷ்போர்டில் குதிரை லாடம் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு, நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்ததைச் சொல்லும் விளக்கு அது. அது எரிந்ததும் முதலில் ரீசெட் பட்டனைத் தேடுகிறோம். நானும் தேடி அழுத்தியவன்தான். விளக்கு அணைந்தது. நாலாம் நாள் காலையில் பின் டயர் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. உள்ளே ஒன்றரை அங்குல ஆணி.

என் காரில் டயருக்குள் சென்சார் கிடையாது. பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சார்தான் சக்கரங்களின் சுழற்சியை எண்ணுகிறது. காற்று குறைந்த டயர் கொஞ்சம் அமுங்கி, மற்றவற்றைவிடச் சற்று வேகமாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் விளக்கு எரியும். காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ என்பது அதற்குத் தெரியாது. ரீசெட் அழுத்தினால், ‘இப்போது இருக்கிறதே, இதுதான் சரியான அளவு’ என்று நாமே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆணி குத்திய டயரை நான் அப்படித்தான் பாஸ் பண்ணிவிட்டேன். நாலு டயரிலும் ஒரே மாதிரி மெதுவாகக் காற்று இறங்கினால், இந்த வகையில் பல கார்கள் கண்டுகொள்வதும் இல்லை.

சரி, காற்று பிடிக்கும்போது? மத்தியானம் ஹைவேயில் ஓட்டிவந்த சூட்டோடு பெட்ரோல் பங்கில் பிடிக்கிறோம். மீட்டர் 37 காட்டுகிறது, ‘ஜாஸ்தியா இருக்கு சார்’ என்று பையன் 33-க்கு இறக்கிவிடுகிறான். மறுநாள் காலை டயர் ஆறியதும் 29தான் இருக்கும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபிறகு பார்ப்பதே சரியான கணக்கு. எவ்வளவு பிடிப்பது என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துப் பிடிக்காதீர்கள்.

விளக்கு எரியாதவரை கவலையில்லை என்றும் இருக்க முடியாது. அமெரிக்க விதிப்படியே, காற்று 25 சதவீதம் குறைந்தால் எரிந்தால் போதும். 33 வேண்டிய டயரில் அது சுமார் 25 பிஎஸ்ஐ. காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுவைப்பது உத்தமம்.

சக்கரத்துக்குள்ளேயே சென்சார் உள்ள கார் என்றால், பஞ்சர் கடையில் டயரைக் கழற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். சென்சார் வால்வை ஒட்டியே இருக்கும், கடப்பாரை பட்டால் போச்சு. அழகுக்காகக் கலர் அலுமினிய மூடி போடுகிறவர்களும் உண்டு. கடற்கரை ஊர்களில் அது வால்வோடு துருவேறி இறுகிவிடும். பிளையர் வைத்துத் திருகினால் தண்டே கையோடு வந்துவிடும். வண்டியைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம்போலச் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால், காற்றைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு சிஸ்டத்தில், பெரும்பாலும் சென்சார் பேட்டரி தீர்ந்திருக்கும். 5 முதல் 10 வருடம்தான் அதன் ஆயுள், தனியாக மாற்றவும் முடியாது.

அப்புறம் ஸ்டெப்னி. பெரும்பாலான கார்களில் அதற்குச் சென்சார் இல்லை. பின் டயர் உட்கார்ந்த அன்று ஆசையாக எடுத்து மாட்டினேன். அதில் 18 பிஎஸ்ஐ.