முகாமில் பிறந்தவரா? முதலில் தேதியைப் பாருங்கள்

காரைக்குடியில் மனு எழுதிக் கொடுப்பது என் வேலை. சிவகங்கைப் பக்கத்து முகாம்களிலிருந்து வரும் இலங்கைத் தமிழர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, எங்கட பிள்ளைக்குக் குடியுரிமை கிடைக்குமா?" பதில் சொல்லுமுன் நான் பிறப்புச் சான்றிதழைக் கேட்பேன்.

அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா சேரவில்லை. அதனால் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள தேதிகள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன.

1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவரா? பெற்றோர் இலங்கையராக இருந்தாலும் அவர் இந்தியக் குடிமகன்தான். பிரிவு 3(1)(அ)-வைக் குறிப்பிட்டு நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். 'குடியுரிமை வழங்குமாறு வேண்டுகிறேன்' என்று எழுதவே வேண்டாம். பிறப்பிலேயே வந்ததை எதற்கு வேண்ட வேண்டும்? மறுத்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒருவர் அப்படித்தான் பாஸ்போர்ட் வாங்கினார், 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார்.

அந்தத் தேதியிலிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். உள்ளூரில் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் இதைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால், ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் இல்லாமல் படகில் உயிர் தப்பி வந்தவரைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எழுதும்போதே எனக்குக் கை கூசும்.

ஒரு அம்மா பாலித்தீன் கவரிலிருந்து இரண்டு சான்றிதழ் எடுத்து வைத்தார். மடிப்பில் கிழிந்து, செலோடேப் மஞ்சளாகிப் போயிருந்தது. மகன் 1985. மகள் 12.7.1987. பன்னிரண்டு நாள் முன்னால் பிறந்திருந்தால் அவளும் இந்தியக் குடிமகள். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தம்மா தாளை மறுபடி மடித்துக்கொண்டே இருந்தார்.

சரி, அதோடு விட்டுவிடாதீர்கள். மலையகக் குடும்பமா, அதாவது இங்கிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களின் வழியா என்று கேளுங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்படிப்பட்டவர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. தாத்தா அதன்கீழ் விண்ணப்பித்த தாளோ, தமிழ்நாட்டுப் பூர்விக ஊரைக் காட்டும் ஆதாரமோ இருந்தால் மனுவோடு சேருங்கள்.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் (சி.ஏ.ஏ.) காட்டிப் புரோக்கர் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் தவிர வேறு நாட்டுக்கு அது கிடையாது. மத்திய அரசின் 2025 செப்டம்பர் உத்தரவு வேறு: 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை இல்லை. அது குடியுரிமை ஆகாது. ஆனாலும் பதிவுத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் வட்டிக்கடை அடுத்தாள், அதாவது கடை உதவியாளர். 1942-ல் நடந்தே ஊர் வந்தபோது துணிமணியை வழியில் போட்டுவிட்டார், காகிதக் கட்டை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். நீங்களும் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.