கிரவுன் இம்பீரியல் வளர்ப்பு: கிழங்கு அழுகாமல், பூ தவறாமல்

துருக்கியின் தென்கிழக்கிலிருந்து ஈரானின் ஜாக்ரோஸ் மலைகள் வழியாகக் காஷ்மீர்ப் பக்கம் வரை, பாறைச் சரிவுகளில் தானாகவே வளரும் பூச்செடி கிரவுன் இம்பீரியல். ஈரானில் இதற்கு 'லாலே வாஷ்கூன்' என்று பெயர். தலைகீழ்த் துலிப் என்று அர்த்தம். தாவரப் பெயர் ஃப்ரிட்டிலேரியா இம்பீரியாலிஸ். பிறந்த இடத்தில் குளிர்காலம் முழுக்கப் பனி, வசந்தத்தில் ஈரம், கோடையில் மண் காய்ந்து கிடக்கும். தோட்டத்தில் இந்தச் செடி செத்துப்போவது பெரும்பாலும் குளிரால் அல்ல, கோடை ஈரத்தால்தான். சென்னை, மதுரை வெயிலில் இது வராது. டொராண்டோ, லண்டன், சூரிச் போன்ற ஊர்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் தாராளமாக நடலாம்.

கிழங்கு கைப்பிடி அளவு இருக்கும். சுற்றளவு 20 செ.மீ.க்குக் குறைந்ததை வாங்காதீர்கள், முதல் வருடம் பூக்காது. வெங்காயத்துக்கு இருப்பதுபோல் காப்புத் தோல் இல்லாததால் சீக்கிரம் வற்றிவிடும். வாங்கிய வாரமே, செப்டம்பர் அல்லது அக்டோபரில் நட்டுவிடுங்கள். அழுத்திப் பார்த்து மெத்தென்று அமுங்கினால் வேண்டாம். நரி வாடை போன்ற ஒரு நெடி அடிக்கும். அது கெட்டுப்போன அறிகுறி அல்ல, அதன் இயல்பே அதுதான். கிழங்கு நச்சுத்தன்மை உள்ளது, குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

கிழங்கின் நடுவில் ஒரு துளை இருக்கும். போன வருடத்துத் தண்டு நின்ற இடம் அது. அதில் நீர் தேங்கினால் உள்ளிருந்தே அழுகும். ஆகவே கிழங்கைச் சற்றுச் சாய்த்து வைத்து, அடியிலும் சுற்றிலும் கரடுமுரடான மணல் போடுங்கள். குழி 25 முதல் 30 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி 30 செ.மீ. இடைவெளி. மேலாக நட்டால் கிழங்கு பிளந்து குட்டிகளாகி, இலை மட்டும் வந்து பூ நின்றுவிடும். களிமண் நிலமென்றால் மண்ணை மேடாக்கி நடுவது நல்லது. சுண்ணாம்புச் சத்துள்ள மண் ஒத்துக்கொள்ளும்.

மார்ச்சில் முளை தடியாக வெளிவரும். உறைபனி விழுந்த காலையில் தண்டு தரையில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தொடவும் வேண்டாம். வெயில் ஏறியதும் நிமிர்ந்துவிடும். ஏப்ரலில் ஒரு மீட்டர் வரை உயர்ந்து, இலைக் கொத்துக்குக் கீழே மணி போன்ற பூக்கள் வட்டமாகத் தொங்கும். ஒரு பூவை மெல்லத் தூக்கி உள்ளே பாருங்கள்: ஆறு இதழின் அடியிலும் முத்துப்போல் ஒவ்வொரு தேன்துளி, விழாமல் நிற்கும்.

பூ வாடியதும் வேலை முடிந்ததென்று நினைப்பதுதான் அடுத்த வருடம் பூக்காமல் போகக் காரணம். தக்காளிக்கு ஊற்றும், பொட்டாஷ் அதிகமுள்ள திரவ உரத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இலை மஞ்சளாகும் வரை ஊற்றுங்கள். பச்சையாக இருக்கும் இலையை வெட்டவே கூடாது. இலை தானாகக் காய்ந்த பிறகு தண்ணீரை நிறுத்திவிடுங்கள். தினமும் நீர் தெளிக்கும் புல்தரைக்குப் பக்கத்தில் இதை நடக் கூடாது என்பதும் இதனால்தான்.

பூச்சியில் முக்கியமானது சிவப்பு லில்லி வண்டு. சுமார் 8 மி.மீ. நீளம். தொட்டால் மல்லாந்து மண்ணில் விழும், கறுத்த வயிறு மேலே தெரிவதால் கண்ணில் படாது. இலைக்குக் கீழே ஒரு கையை ஏந்திக்கொண்டு மறுகையால் பிடியுங்கள். இலையின் அடியில் ஆரஞ்சு முட்டைகள் வரிசையாக இருந்தால் நசுக்கிவிடுங்கள். புழு தன் கழிவையே மேலே பூசிக்கொண்டு சேற்றுத் துளிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நன்றாகப் பூக்கும் செடியைத் தோண்டாதீர்கள். நெருக்கமாகிப் பூ குறைந்தால் மட்டும், இலை காய்ந்ததும் எடுத்துப் பிரித்து நடுங்கள். விதையிலிருந்தும் வளர்க்கலாம், பூக்க ஐந்தாறு வருடமாகும். காய் வேண்டாமென்றால் வாடிய பூக்களை மட்டும் கிள்ளி, தண்டையும் இலையையும் விட்டுவிடுங்கள்.