டர்போ இல்லாத டீசல் லாரி இன்ஜினுக்கு டர்போ பொருத்துவது எப்படி?

டர்போ போட்டால் சக்தி தானாகக் கூடிவிடும் என்று நினைத்துத்தான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி. அது தருவது காற்றை மட்டும்தான். சக்தி டீசலிலிருந்து வருகிறது. அதனால் இந்த விளக்கம் முழுக்க ஒரே வரிசையில்தான் போகும்: முதலில் காற்று, அப்புறம் ஆயில், அப்புறம் மீட்டர். டீசல் பம்ப்பில் கை வைப்பது கடைசியில்.

பம்ப்பைத் தொடாமல் விட்டாலே பலன் தெரியும். ஏற்றத்தில் கரும்புகை கக்கும் வண்டியில் டீசல் போதாமல் இல்லை, அதை எரிக்கக் காற்றுதான் போதவில்லை. காற்று கூடியதும் புகை குறையும், எக்ஸாஸ்ட் சூடு இறங்கும், இழுவையும் கொஞ்சம் கூடும். மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு லாபம் இன்னும் அதிகம். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கிறது. அதில் பெரும்பகுதியை டர்போ மீட்டுத் தரும்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இன்ஜின்களுக்கு. கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயில் இன்ஜினுக்கு இது பொருந்தாது. இன்னொன்று: பதிவு செய்த வண்டியின் இன்ஜினை மாற்ற அனுமதி உண்டா என்று உங்கள் ஊர் விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் பொருத்திய பிறகு கழற்றச் சொன்னால் பணமும் போச்சு, வேலையும் போச்சு.

படி 1: இன்ஜின் தாங்குமா?

எல்லா சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் இன்ஜின் வேலை, பிறகுதான் டர்போ. ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஹெட் கேஸ்கட்டில் கசிவோ, ரேடியேட்டரில் அடைப்போ இருந்தால் அதையும் முடித்துவிடுங்கள். சின்னக் குறையாக இருப்பதைப் பெரிய குறையாக்குவதில் டர்போவுக்கு இணை இல்லை.

எவ்வளவு பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) கொடுக்கலாம் என்பதை கம்ப்ரஷன் விகிதம்தான், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பதுதான் தீர்மானிக்கும். டர்போ இல்லாத நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் அது பெரும்பாலும் 17, 18 அளவில் இருக்கும். டீசலை முதலில் ஒரு சின்ன முன் அறையில் பீய்ச்சும் இன்ஜினில் 20-ஐயும் தாண்டும். ஏற்கெனவே இவ்வளவு அழுத்தும் இன்ஜினுக்கு 0.5 பார், அதாவது சுமார் 7 பிஎஸ்ஐ போதும். 0.7 பாருக்கு மேல் ஆசைப்பட்டால் பிஸ்டன், ஹெட் போல்ட் எல்லாவற்றையும் மாற்றும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். டர்போ இன்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சி அதைக் குளிர்விக்கும் ஜெட் இருக்கும். சாதாரண இன்ஜினில் பெரும்பாலும் அது கிடையாது. அங்கே சூடு பிஸ்டனிலேயே தங்கும்.

படி 2: டர்போ தேர்வு

கணக்கு எளிது. 4 லிட்டர் இன்ஜின், 2800 ஆர்பிஎம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும். எனவே 4 x 2800 / 2 = நிமிடத்துக்கு 5600 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதால் 85 சதவீதம் போட்டால் 4760 லிட்டர். இதற்கு 0.5 பார் பூஸ்ட் கொடுத்தால் காற்று ஒன்றரை மடங்காகிவிடாது. அழுத்தும்போது சூடாகி விரிவதால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லாமல் ஏறத்தாழ 1.27 மடங்குதான் கிடைக்கும். மொத்தம் நிமிடத்துக்கு 6000 லிட்டர் சொச்சம், எடைக்கணக்கில் சுமார் 7 கிலோ. ஒரு டர்போ எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று தரும் என்று காட்டும் கம்ப்ரசர் மேப் என்ற வரைபடத்தில் டர்போ கம்பெனிகள் இதைப் பவுண்டில் குறிப்பார்கள். நிமிடத்துக்கு 15, 16 பவுண்டு என்ற புள்ளி மேப்பின் நடுப்பகுதியில் விழும் டர்போவை எடுங்கள். இடது ஓரக் கோட்டை ஒட்டி விழுந்தால் சர்ஜ் அடிக்கும், அதாவது காற்று பின்னோக்கித் திமிறும்.

கணக்கே வேண்டாம் என்றால் குறுக்கு வழி ஒன்று உண்டு, என் ஓட்டும் அதற்குத்தான். பல கம்பெனிகள் ஒரே இன்ஜினை டர்போவோடும் டர்போ இல்லாமலும் விற்றிருக்கின்றன. அந்த டர்போ மாடலின் மேனிபோல்ட் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்), டர்போ, ஆயில் பைப் எல்லாவற்றையும் ஒரு செட்டாக வாங்கிவிடுங்கள். ஆனால் கம்பெனி உள்ளே வேறு என்ன மாற்றியது என்றும் விசாரியுங்கள். ஃபோர்டு பிக்கப் டிரக்குகளில் 1988 முதல் வந்த 7.3 லிட்டர் டீசலுக்கு 1993-ல் கம்பெனியே டர்போ வைத்தபோது பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னையும் சேர்த்துத்தான் பலப்படுத்தினார்கள்.

பழைய டர்போ வாங்கினால் கம்ப்ரசர் பக்க நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம், அது இயல்பு. முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கக்கூடாது. ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டே சுற்றும்போது இறக்கை கூட்டில் உரசினால் வாங்காதீர்கள்.

படி 3: எக்ஸாஸ்ட் பக்கம்

டர்போவை மேனிபோல்ட்டில் உட்கார வைக்கும் முன்பே, மேனிபோல்ட் வெளியில் இருக்கும்போதே, சூடு பார்க்கும் சென்சாருக்கு ஓட்டை போட்டு டேப் அடித்துவிடுங்கள். ஓட்டை டர்போவுக்கு முந்தைய பகுதியில் இருக்க வேண்டும். வண்டியில் வைத்தே துளைத்தால் இரும்புத் தூள் நேராக டர்பைனுக்குப் போகும்.

சைலன்சர் பைப்பின் எடை டர்போ மேல் விழக்கூடாது. நடுவில் வளையும் ஃப்ளெக்ஸ் பைப் ஒன்றும், இன்ஜினிலிருந்தே பிடிக்கும் பிராக்கெட் ஒன்றும் கொடுங்கள். டர்போவிலிருந்து இறங்கும் பைப் பழையதைவிட ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும். அருகில் போகும் பிரேக் பைப், டீசல் ஹோஸ், ஒயர் எல்லாவற்றுக்கும் சூட்டுத் தகடு கட்டாயம்.

படி 4: ஆயில்

டர்போ சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் ஓடும்.

வரும் பைப் எளிது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டீ போட்டு, 6 மில்லிமீட்டர் அளவுள்ள ஸ்டீல் பைப்பையோ கம்பி பின்னிய ஹோஸையோ எடுத்தால் போதும்.

திரும்பும் பைப்பில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். டர்போவிலிருந்து வெளியே வரும் ஆயிலுக்குப் பிரஷர் கிடையாது. நுரையாக, தன் எடையால் மட்டுமே கீழே இறங்கும். அதனால் பைப்பின் உள்விட்டம் 16 மில்லிமீட்டராவது வேண்டும். வழியில் எங்கும் மேலே ஏறி இறங்கக்கூடாது, தொய்வும் கூடாது. சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியில், வெல்டிங் வைத்துச் சேர்க்கும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். வெல்டிங்கை சம்ப்பைக் கழற்றி, கழுவிய பிறகு வையுங்கள். டர்போவின் நடு உடலைச் சுற்றித் திருப்பி, ஆயில் வாய் நேர் கீழே பார்க்கும்படி வையுங்கள். 35 டிகிரிக்கு மேல் சாயவிடாதீர்கள். இறங்க வழியில்லாத ஆயில் ஷாஃப்ட் சீலைத் தாண்டிக் கசியும். சீல் போய்விட்டது என்று புது டர்போ வாங்குவார்கள், அதுவும் கசியும்.

ஆயில் கேஸ்கட்டில் சிலிக்கான் பேஸ்ட் தடவாதீர்கள். பிதுங்கிய துணுக்கு ஒன்று போதும், வழியை அடைத்துவிடும்.

படி 5: காற்றுப் பாதை, மீட்டர்கள்

ஏர் ஃபில்டர் பெரியதாக, பைப்புகள் உள்ளே சுத்தமாக, ஹோஸ் கிளிப்புகள் இறுக்கமாக இருக்க வேண்டும். பூஸ்ட் எல்லை தாண்டாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வான வேஸ்ட்கேட்டின் ஹோஸை மாட்ட மறந்தால் பூஸ்ட் கட்டுப்பாடில்லாமல் ஏறும். இந்த அளவு பூஸ்ட்டுக்கு இன்டர்கூலர் கட்டாயமில்லை.

மீட்டர் மூன்று: பூஸ்ட், ஆயில் பிரஷர், எக்ஸாஸ்ட் சூடு. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் சூட்டு மீட்டரை வாங்குங்கள்.

படி 6: முதல் ஸ்டார்ட்

புது ஆயில், புது ஃபில்டர். டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி, இறக்கையைக் கையால் சுற்றிவிடுங்கள். திரும்பும் ஹோஸின் கீழ் முனையை மாட்டாமல் ஒரு பாட்டிலில் விடுங்கள். ஸ்டாப் கேபிளை விடாமல் இழுத்துப் பிடித்தபடி, இடைவெளி கொடுத்துக் கொடுத்து செல்ஃப் அடியுங்கள். பாட்டிலில் ஆயில் சொட்டி, பிறகு ஒழுக ஆரம்பிக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஹோஸை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும்போது இன்டேக் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். எங்காவது ஆயில் கசிந்து இன்டேக்கில் போனால் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு வெறிபிடித்தது மாதிரி ஏறும். சாவியைத் திருப்பினாலும் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். கையால் அடைக்கப் போகாதீர்கள், அந்த இழுப்பு விரலை விடாது.

படி 7: ஓட்டிப் பார்த்து, பிறகு பம்ப்

ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுக் கசிவு பாருங்கள். பிறகு காலி வண்டியாக ஓட்டுங்கள், அப்புறம் பாதி லோடு. நீண்ட ஏற்றத்தில் முழு மிதியில் சூடு எவ்வளவு, பூஸ்ட் எவ்வளவு, புகை உண்டா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

புகை இல்லை, சூடும் 600 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிற்கிறது என்றால் டீசலைக் கூட்ட இடம் இருக்கிறது. முழு மிதியில் எவ்வளவு டீசல் போகும் என்பதைத் தீர்மானிக்கும் பம்ப்பின் முழு லோடு ஸ்குரூவை எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பி, அதே ஏற்றத்தில் அதே லோடோடு மறுபடி ஓட்டுங்கள். சில பம்ப்பில் இது ஐடிலையும் சேர்த்து ஏற்றும், அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். நீண்ட நேர ஓட்டத்தில் 650, கொஞ்ச நேரத்துக்கு 700 டிகிரி. அதுதான் எல்லை. பிஸ்டன் அலுமினியக் கலவை என்பது நினைவிருக்கட்டும், சுத்த அலுமினியமே 660 டிகிரியில் உருகும். டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் நேரத்தை, முன்னால் தள்ளாதீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி ஹெட் கேஸ்கட்டைத்தான் பதம் பார்க்கும்.

கிளட்ச் நழுவ ஆரம்பித்தால் பம்ப்பை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

லோடு இழுத்து வந்து நிறுத்தும்போது இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். சூடான டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கரியாகிவிடும். முதல் சில ஓட்டத்துக்குப் பிறகு, இன்ஜின் ஆறியதும், மேனிபோல்ட், டர்போ நட்டுகளையும் ஹோஸ் கிளிப்புகளையும் மறுபடி இறுக்குங்கள். முதல் ஆயிலை 500 கிலோமீட்டரில் இறக்கிவிடுங்கள். வெல்டிங் துகள் ஏதாவது மிச்சமிருந்தால் அதோடு போய்விடும்.