முரட்டு ஆட்டம் வேறு, முன்கோபம் வேறு: கால்பந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 மார்ச் 19, ஓல்டு ட்ராஃபோர்டில் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. மான்செஸ்டர் யுனைடெட்டை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று முந்திக்கொண்டிருந்தது ஃபுல்ஹாம். 70 நிமிடம் தாண்டிய நேரத்தில், கோலுக்குள் போகவிருந்த பந்தை ஃபுல்ஹாமின் வில்லியன் கையால் தடுத்துவிட்டார். நடுவர் கிறிஸ் கவானா, நடந்ததை வீடியோவில் திரும்பப் பார்க்கும் வி.ஏ.ஆர். திரைக்காக ஓரத்துக்குப் போனார். முடிவு அறிவிப்பதற்கு முன்பே, வாயைக் கொடுத்துச் சிவப்பு அட்டை வாங்கினார் ஃபுல்ஹாம் மேனேஜர் மார்கோ சில்வா. அடுத்தது வில்லியனுக்கு. அப்புறம், நடுவரின் கையைப் பிடித்து இழுத்த மித்ரோவிச்சுக்கு. மூன்றும் ஒரு நிமிடத்துக்குள் நடந்தன. ஃபுல்ஹாம் 3-1 என்று தோற்றது.

வில்லியனுக்கு வந்த அட்டையைத் தவிர்த்திருக்க முடியாது. அதற்குக் கொடுத்த பெனால்டி கோலானபோதும் கணக்கு 1-1தான், களத்தில் 10 பேர் இருந்திருப்பார்கள், சமாளித்திருக்கலாம். மற்ற இரண்டும் வலியப் போய் வாங்கியவை. அணியின் முக்கியமான கோலடிப்பவரான மித்ரோவிச்சுக்கு 8 ஆட்டத் தடை விழுந்தது.

இங்கே நடந்த தவறு கோபப்பட்டது மட்டுமில்லை. கோபப்படுகிறவரை இழுத்துக்கொண்டு போக யாரும் இல்லாததும்தான். நடுவர் திரையைப் பார்க்கப் போகும்போது பேச வேண்டியவர் கேப்டன் ஒருவரே. மற்றவர்களைத் தள்ளி நிறுத்துவது யார் வேலை என்று ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். 2024 யூரோ கோப்பையில் நடுவரிடம் விளக்கம் கேட்க கேப்டன் மட்டுமே வரலாம் என்று விதியே வைத்தார்கள். உங்கள் ஊர் லீகில் அந்த விதி இல்லாவிட்டாலும் நீங்களாகவே வைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

பெஞ்சில் இருப்பவர்கள் விதிக்கு வெளியே இருப்பதாக நினைப்பது இன்னொரு தவறு. 2019 முதல் ஆட்ட விதிகளின்படி பயிற்சியாளர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் உண்டு. தண்ணீர் பாட்டிலை உதைத்தால் மஞ்சள். கிண்டலாகக் கைதட்டினால் மஞ்சள். எதிரணிக்காரருக்கு அட்டை காட்டச் சொல்லித் திரும்பத் திரும்பச் சைகை செய்தாலும் மஞ்சள். பலருக்கும் தெரியாத ஒரு பகுதி இதில் இருக்கிறது: பெஞ்சிலிருந்து யாரோ ஒருவர் திட்டி, அது யாரென்று நடுவரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளர் அந்த அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்று ஆட்டக்காரப் பையன் உதிர்த்த வார்த்தைக்கு நீங்கள் வெளியே போவீர்கள்.

எல்லைக்கோட்டருகே கோபம் வர தோற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2014 மார்ச்சில் ஹல் சிட்டி மைதானத்தில் நியூகாசில் மேனேஜர் ஆலன் பார்டியூ, எதிரணியின் டேவிட் மெய்லரைத் தலையால் முட்டினார். அப்போது அவருடைய அணி முன்னிலையில் இருந்தது. 4-1 என்று ஜெயிக்கவும் செய்தது! கிடைத்தது 7 ஆட்டத் தடை, 60,000 பவுண்டு அபராதம். முதல் மூன்று ஆட்டங்களுக்கு மைதானத்துக்குள்ளேயே வரக்கூடாது. அவருடைய கிளப்பும் தன் பங்குக்கு 1,00,000 பவுண்டு அபராதம் போட்டது.

விசில் ஊதியதும் எல்லாம் முடிந்தது என்றும் நம்ப வேண்டாம். 2022 ஆகஸ்டில் செல்சி மேனேஜர் டூஹெலும் டாட்டன்ஹாம் மேனேஜர் கோன்டேயும் சிவப்பு அட்டை வாங்கியது ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது.

சரி, "அந்தக் காலத்தில் இதெல்லாம் சாதாரணம்" என்று ஒருவர் ஆரம்பிப்பாரே, அங்கேதான் பெரிய தவறு. 1970 எஃப்.ஏ. கோப்பை இறுதி இதற்கு நல்ல உதாரணம். செல்சியும் லீட்ஸும் வெம்பிளியில் 2-2 என்று முடித்தன. அங்கே லீட்ஸின் எடி கிரே, செல்சியின் டேவிட் வெப்பைப் படாதபாடு படுத்தினார். ஓல்டு ட்ராஃபோர்டில் மறு ஆட்டம் நடந்தபோது செல்சி ஆளை மாற்றியது. கிரேயைக் கவனிக்க 'சாப்பர்' என்று பெயரெடுத்த ரான் ஹாரிஸ் வந்தார். ஆரம்பத்திலேயே முழங்காலுக்குப் பின்னால் ஒரு உதை. அதன்பின் கிரே பழைய கிரேயாக இல்லை. செல்சி 2-1 என்று வென்றது, வெற்றிக் கோல் அதே வெப் அடித்தது. அன்று நடுவர் எச்சரித்து எழுதிக்கொண்ட பெயர் ஒன்றே ஒன்று. 1997-இல் அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்த நடுவர் டேவிட் எல்லரே, இன்றைய விதிப்படி 6 சிவப்பு, 20 மஞ்சள் என்றார்.

ஹாரிஸ் செய்தது கோபத்தில் செய்த காரியமில்லை. குளிர்ந்த தலையோடு போட்ட திட்டம். அசிங்கமான திட்டம்தான், இன்றைக்கு நேராக வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதைப் பார்த்து "ஆவேசம் வேண்டும்" என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. லீட்ஸ் பக்கம் இருந்த நார்மன் ஹன்டரும் அப்படித்தான். காலைக் கடிப்பவர் என்று ரசிகர்கள் பேனர் பிடித்த அதே ஹன்டரை, 1974-இல் சக ஆட்டக்காரர்கள் வாக்களித்து ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தார்கள். எத்தனை பேர் காலை உதைத்தார் என்று எண்ணி யாரும் ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு படத்தை வைத்து ஆளை எடைபோடுவதும் வேண்டாம். 1966-இல் டாட்டன்ஹாமின் டேவ் மெக்கே, லீட்ஸின் பில்லி பிரெம்னரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நிற்கும் படம் உலகப் பிரசித்தம். மெக்கேவுக்கு அது பிடிக்கவே இல்லை. தன்னை அடாவடிக்காரனாகக் காட்டுகிறது என்பது அவர் வருத்தம். இரண்டு முறை முறிந்து தேறிய அவர் காலில் அதற்கு முன் பிரெம்னர் உதைத்தது படத்தில் இல்லை.

கடைசியாக மான்செஸ்டர் யுனைடெட்டின் ராய் கீன். 1997-இல் அப்போது லீட்ஸில் இருந்த ஆல்ஃபி ஹாலண்டைத் தடுக்கப் போய்த் தன் முழங்கால் தசைநாரை அறுத்துக்கொண்டார் கீன். நடிக்காதே என்று மேலே நின்று ஹாலண்ட் கத்தினார். 2001 ஏப்ரலில், ஹாலண்ட் மான்செஸ்டர் சிட்டிக்குப் போயிருந்தபோது, ஒரே ஊர் அணிகள் மோதும் மான்செஸ்டர் டெர்பியில் கீன் ஹாலண்டின் முழங்காலில் பாய்ந்தார். சிவப்பு அட்டை காட்டியவர் அதே எல்லரே. தண்டனை 3 ஆட்டம், 5,000 பவுண்டு. அதோடு விட்டிருக்கலாம். 2002-இல் வந்த சுயசரிதையில், வேண்டுமென்றே செய்ததுபோல் எழுதியிருந்ததால் மேலும் 5 ஆட்டம், 1,50,000 பவுண்டு. உதைத்ததைவிட எழுதியதற்கு 30 மடங்கு அபராதம்.

அந்த உதைதான் ஹாலண்டின் ஆட்ட வாழ்க்கையை முடித்தது என்று இன்றும் டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். கீனின் கால் பட்டது வலது முழங்காலில். அடுத்த சில நாட்களிலேயே ஹாலண்ட் நார்வேக்காக ஆடினார். நெடுநாளாக அவரைப் படுத்தி, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோனது இடது முழங்கால்.