கயிறு கட்டிய பழைய ஸ்னேர் டிரம்மை மறுபடி வாசிக்க வைப்பது எப்படி?

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் படங்களில் சின்னப் பையன்கள் தோளில் மாட்டிக்கொண்டு நிற்பார்களே, அந்த டிரம்தான் இது. தோலை இறுக்கத் திருகாணி கிடையாது. மேலும் கீழும் ஒரு மர வளையம், இரண்டுக்கும் நடுவில் ஏறி இறங்கும் ஒரே கயிறு, கயிற்றை இறுக்கும் தோல் துண்டுகள், அடித்தோலில் உரசிச் சலசலக்கும் குடல் நரம்பு. கனெக்டிகட் மாநிலத்தின் டீப் ரிவர் ஊரில் ஒவ்வொரு ஜூலையிலும் இந்த டிரம்மும் ஃபைஃப் குழலும் தெருவை நிறைக்கின்றன.

எனக்கு ஒன்று பழைய சாமான் விற்பனையில் கிடைத்தது. 16 அங்குல விட்டம், 12 அங்குல உயரம், வளையத்துக்குப் பத்துத் துளை. கயிறு இற்றுப்போய், அடித்தோல் கிழிந்திருந்தது. அதைச் சரிசெய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் பாருங்கள், தொடாதீர்கள்

டிரம்மின் பக்கத்தில் காற்றுத் துளை ஒன்று இருக்கும். அதன் வழியே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். செய்தவர் பெயர்ச்சீட்டு எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கலாம். பிலடெல்பியாவின் ஹார்ஸ்ட்மன், எர்னஸ்ட் வோக்ட் போன்ற பெயரோ, வெளியே கழுகு ஓவியமோ, படைப்பிரிவின் எண்ணோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வரலாற்றுப் பொருள். கனெக்டிகட்டின் ஐவரிடன் ஊரில் இந்த டிரம்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

சாதாரண அணிவகுப்பு டிரம் என்றால் தொடரலாம். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதன் தூசு உடம்புக்குக் கெடுதல். தேய்த்தால் அழிந்துபோகும் நூறு வருடப் பளபளப்பும் திரும்ப வராது. மென்மையான பிரஷ், லேசாக நனைத்த துணி, அவ்வளவு போதும்.

2. கழற்றுதல்

கயிறு எந்தத் துளையில் தொடங்கி எப்படிப் போகிறது, முடிச்சு எங்கே விழுகிறது என்று நாலாபக்கமும் படம் எடுங்கள். எந்த வளையம் மேலே, எந்தப் பக்கம் முன்னால் என்று காகித டேப்பில் குறித்து ஒட்டுங்கள். அந்த வளையம் பல வருடமாக அந்த இடத்துக்கு வளைந்து பழகியது. கழற்றிய பழைய கயிறு, தோல், ஆணி எதையும் எறியாமல் பையில் போட்டு வையுங்கள்.

3. கூடு (டிரம்மின் மர உடல்)

ஒரே பலகையை ஆவியில் வளைத்து, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பசை போட்டு, பித்தளை ஆணி அடித்திருப்பார்கள். பசை விடும் இடம் அந்த இணைப்புதான். நம் ஊர்த் தச்சர்கள் வஜ்ரம் என்று சொல்லும் தோல் பசையையே போடுங்கள். வெந்நீரும் சூடும் காட்டினால் அது இளகும். நாளைக்கு வேறொருவர் உங்கள் வேலையைத் திருத்த வேண்டியிருந்தால் அவருக்கு வழி இருக்கும்.

கூட்டைச் சமமான கண்ணாடிமேல் நிறுத்தி உள்ளே விளக்கு வைத்தால் விளிம்பின் மேடுபள்ளம் தெரியும். அடிப்பக்க விளிம்பில் எதிரெதிராக இரண்டு இடத்தில் லேசான பள்ளம் இருக்கும். அது தேய்மானம் அல்ல, நரம்பு தோலோடு ஒட்டிப் படிவதற்காக வேண்டுமென்றே செதுக்கியது. அதைச் சமப்படுத்திவிட்டால் டிரம்மின் குரலே போய்விடும்.

4. தோலும் கயிறும்

இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். தோல் ஈரமாக இருக்கும்போதே கயிறு ஏற வேண்டும். அதனால் முதல் தடவை செய்பவர்கள் தோல் இல்லாமல் ஒருமுறை கயிற்றைக் கோத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கயிற்றின் நீளத்துக்கு ஒரு கணக்கு: மேல் துளையிலிருந்து கீழ்த் துளைவரை அளந்து இருபதால் பெருக்குங்கள் (வளையத்துக்குப் பத்துத் துளை என்பதால் இருபது இழை), அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். என் டிரம்முக்குக் கணக்கைவிடக் கூடுதலாகவே 40 அடி வாங்கினேன். கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிமனில் ஹெம்ப் அல்லது லினன் கயிறு நல்லது. நைலான் நீண்டுகொண்டே போகும்.

கன்றுத்தோல் இரண்டு வேண்டும்: மேலே கனமானது, கீழே மெல்லியது. தோலைக் கட்டும் உள்வளையத்தைவிடச் சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். பச்சைத் தண்ணீரில் துணிபோலத் துவளும்வரை ஊறட்டும், வெந்நீர் கூடாது. உள்வளையத்தைத் தோலின் நடுவில் வைத்து, ஓரத்தை வளையத்தின்மேல் மடித்து, ஸ்பூன் காம்பால் வளையத்துக்கும் தோலுக்கும் இடையே செருகுங்கள். வரிசையாகச் சுற்றி வராமல் எதிரெதிர் இடமாகச் செருகினால்தான் இழுப்பு சமமாக விழும்.

இனி இரண்டு தோலையும் கூட்டில் ஏற்றி, வெளிவளையங்களை மாட்டி, கயிறு கோக்கலாம். மேல் துளையில் நுழைந்த கயிறு இரண்டு இழையாகப் பிரிந்து இறங்கும். அந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் தோல் துண்டு. அமெரிக்கர்கள் இதைக் காது என்றே சொல்கிறார்கள். டோலக்கில் இரும்பு வளையம் செய்யும் அதே வேலை. ஒவ்வொரு மேல் துளையைத் தாண்டும்போதும் காதைக் கோத்துவிட்டு நகருங்கள். எனக்கு ஏழாவது காது விட்டுப்போய், முழுக்க அவிழ்த்து மறுபடி கோத்தேன். தோல் அதற்குள் காயத் தொடங்கியிருந்தது.

இப்போது கயிற்றை லேசாகத்தான் இழுக்க வேண்டும். வெளிவளையம் தோலைக் கூட்டின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் கீழே இழுத்திருந்தால் போதும். வெயிலோ ஃபேனோ படாமல் இரண்டு நாள் காயட்டும். அவசரமாகக் காய்ந்த தோல் செருகிய இடத்தில் நழுவி வெளியே வந்துவிடும்.

5. நரம்பு

ஊறவைத்த குடல் நரம்பை அடித்தோலின் குறுக்கே, செதுக்கிய பள்ளங்கள் வழியாக, எல்லா இழையும் ஒரே இறுக்கத்தில் வருமாறு கட்டிக் காயவிடுங்கள். நரம்பை இறுக்கும் பித்தளைத் திருகு களிம்பேறி இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுங்கள்.

6. இறுக்குதல்

தோல் காய்ந்ததும் முடிச்சிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இழையாக இழுத்து, தளர்வைக் கடைசிவரை கடத்திக் கட்டுங்கள். இரண்டு வெளிவளையங்களுக்கும் உள்ள இடைவெளியை நாலு இடத்தில் அளந்து பாருங்கள், ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம் காதுகளைக் கீழ்நோக்கி, எதிரெதிர் ஜோடியாக, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். புதுக் கயிறு மறுநாளே தளர்ந்திருக்கும். இன்னொரு தடவை இழுத்துக் கட்டினால் நிற்கும்.

ஈரப்பதம் கூடிய நாளில் தோல் தொய்யும். பறையைத் தீயில் காய்ச்சுவதுபோல இதைக் காய்ச்ச வேண்டாம், காதுகளை இன்னும் கொஞ்சம் இறக்கினாலே போதும். வாசித்து முடித்ததும் காதுகளை மேலே தள்ளிவிடுங்கள். இறுக்கியபடியே வைத்தால், காற்று வறண்ட இரவில் தோல் சுருங்கி வளையத்தைக் கோணலாக்கிவிடும்.