விசில் ஊதினால் நாய் வந்துவிடும் என்று யார் சொன்னது?

விசில் வாங்கிய அன்றே திறந்த வெளிக்குப் போனேன். நாயை அவிழ்த்துவிட்டு, மூச்சைப் பிடித்து ஊதினேன். என் நாய் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் தான் மோப்பம் பிடித்துக்கொண்டிருந்த புல்லுக்கே திரும்பிவிட்டது. விசிலில் ஏதோ கோளாறு என்று நினைத்து வேறொன்று வாங்கினேன். அதற்கும் அதே மரியாதைதான் கிடைத்தது. அந்தச் சத்தத்துக்கு என்ன பொருள் என்று நாய்க்கு யாருமே சொல்லித் தரவில்லை என்பது எனக்கு உறைக்க இரண்டு விசில்கள் செலவாயின.

விசிலைக் கேட்டதும் ஓடிவர வேண்டும் என்ற அறிவோடு எந்த நாயும் பிறப்பதில்லை. விசிலுக்குப் பின்னால் என்ன வருகிறதோ அதுதான் விசிலின் பொருள். இதை மறந்துவிடுவதால்தான் பழக்குபவர்கள் செய்கிற பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அவற்றில் பாதியை நானே செய்திருக்கிறேன்.

முதலில் எது, பிறகு எது

தொடக்கப் பயிற்சி எளிது. வீட்டுக்குள், நாய் பக்கத்திலேயே இருக்கும்போது, மெதுவாக ஊத வேண்டும். ஊதி ஓரிரு நொடிக்குள் அதற்கு மிகவும் பிடித்த தீனி வாய்க்குப் போய்விட வேண்டும். ஒரு வேளைக்கு ஏழெட்டு முறை போதும். இப்படிச் சில நாட்கள் செய்தால் சரி. நாய் எதுவும் செய்ய வேண்டியதில்லை, உட்காரவும் வேண்டாம், வரவும் வேண்டாம். சத்தம் கேட்டால் நல்லது நடக்கும் என்று அதன் மனதில் பதிந்தால் போதும்.

இவ்வளவு எளிய இடத்திலேயே பலர் சறுக்குகிறார்கள். கையைப் பைக்குள் விட்டுத் தீனியை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஊதுகிறார்கள். அல்லது நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அது திரும்பிப் பார்த்த பிறகு ஊதுகிறார்கள். பை சரசரக்கும் சத்தமே நாய்க்குத் தகவலைச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு வருகிற விசிலை அது ஏன் கவனிக்க வேண்டும்? ஒலி கேட்டதும் நாய்க்கு உமிழ்நீர் ஊறும்படி பழக்கிய ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மணியைச் சொல்வார்கள். அவர் தாளம் தட்டும் மெட்ரோனோம், பஸ்ஸர் என்று பல ஒலிகளைப் பயன்படுத்தினார். எந்த ஒலி என்பது முக்கியமல்ல, அது உணவுக்கு முன்னால் வந்தது என்பதுதான் முக்கியம்.

பதிந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை. நாய் உங்களைப் பார்க்காமல் வேறெதிலோ லயித்திருக்கும்போது, கையைப் பையின் பக்கம் கொண்டுபோகாமல், ஒரே ஒரு முறை மெல்ல ஊதுங்கள். கழுத்து வெடுக்கென்று உங்கள் பக்கம் திரும்பினால் அடுத்த படிக்குப் போகலாம். திரும்பவில்லையென்றால் இன்னும் சில நாட்கள்.

கேட்காத விசில் மீது இருக்கும் மயக்கம்

மனிதக் காதுக்குக் கேட்காத விசில் என்று ஒன்று கடைகளில் கிடைக்கும். இதன் மூதாதை ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்ட்டன் 1876-இல் செய்த விசில். நாய்களைப் பழக்குவதற்காக அவர் அதைச் செய்யவில்லை, கேள்வித்திறனின் எல்லையை அளப்பதற்காகச் செய்தார். ஒரு கைத்தடியின் நுனியில் அதைப் பொருத்தி, கைப்பிடிக்கு அடியிலிருந்த ரப்பர் குழாயை அழுத்திக்கொண்டே விலங்குக் காட்சிச்சாலையில் ஒவ்வொரு கூண்டாக நீட்டிப் பார்த்தார். எந்த விலங்கு காதைத் திருப்புகிறது என்று கவனித்தார்.

மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை போகும். இந்த இடைவெளியில்தான் அந்த விசில் ஒலிக்கிறது. அதில் மந்திரம் ஏதும் இல்லை. சாதாரண விசிலைப் போலவே அதையும் பழக்கித்தான் ஆக வேண்டும். பக்கத்து வீட்டு நாயின் குரைப்பை அடக்க இதை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நாய் ஒரு நிமிடம் வியப்பாகக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முதல் விசிலாக இதை வாங்குவதைத்தான் தவறு என்பேன். நீங்கள் என்ன ஊதினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. இந்த வகை விசில்களில் சுருதியை மாற்றும் திருகு ஒன்று இருக்கும். பைக்குள் கிடந்து அது கொஞ்சம் தளர்ந்தால் சத்தமே வேறாகிவிடும். நாய் ‘கீழ்ப்படியாமல்’ நிற்கும், நீங்களோ அதன் பிடிவாதத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். உயர்ந்த அதிர்வெண் ஒலியைக் காற்று விரைவாக உறிஞ்சிவிடும் என்பது இன்னொரு சிக்கல். மரங்களும் சுவர்களும் அதை எளிதில் மறித்துவிடும். தொலைவில் இருக்கும் நாயைக் கூப்பிடத்தானே விசில்? அங்கேதான் இது முதலில் கைவிடுகிறது. அப்படியும் இதுதான் வேண்டும் என்றால், திருகை உங்களுக்கும் லேசாகக் கேட்கும் இடத்தில் வைத்து, பூட்டு மரையை இறுக்கி, அந்த இடத்தில் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விசிலுக்குப் பதிலாகக் கிடைக்கும் கைபேசிச் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதியும் வழக்கமான ஒலிப்பதிவில், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. கைபேசியின் ஒலிபெருக்கி அந்த எல்லையையே ஒழுங்காகத் தொடாது.

ஒரே வீட்டில் நாலு மொழி

குரலைவிட விசிலில் பெரிய லாபம் ஒன்று உண்டு. குரல் நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கோபம், பதற்றம், சளி எல்லாம் அதில் தெரியும். விசிலில் அவை குறைவாகத்தான் தெரியும், யார் ஊதினாலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆனால் அப்பா நீளமாக ஒன்று, மகள் குட்டையாக ஐந்து, அம்மா தோன்றியபடி என்று ஊதினால் அந்த லாபம் போய்விடும்.

வேட்டைத் துணை நாய்களைப் பழக்குபவர்களிடம் பரவலான வழக்கம் ஒன்று இருக்கிறது: ஒரே நீண்ட ஊதல் என்றால் அப்படியே நில் அல்லது உட்கார், அடுத்தடுத்துச் சில குட்டை ஊதல்கள் என்றால் வா. இதையே பின்பற்ற வேண்டும் என்று சட்டமில்லை. வீட்டில் எல்லோரும் ஒன்றையே பின்பற்ற வேண்டும், அவ்வளவுதான். குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டிவைத்தாலும் தப்பில்லை. ‘வா’ உறுதிப்படும் முன்பே ‘நில்’லையும் தொடங்கிவிடாதீர்கள். ஆட்டு மந்தை மேய்க்கும் பார்டர் கோலி நாய்கள் வலப்பக்கம் சுற்று, இடப்பக்கம் சுற்று, படு, முன்னேறு என்று பல விசில் கட்டளைகளைப் பிரித்தறியும் என்பது உண்மைதான். மேய்ப்பர்கள் இரண்டாக மடித்த ஒரு சிறு உலோகத் தகட்டை நாக்கின் மேல் வைத்து ஒவ்வொன்றையும் தனித்தனி மெட்டாக ஊதுவார்கள். அதன் பின்னால் நாய்க்கும் மனிதருக்கும் பல மாத உழைப்பு இருக்கிறது. மேய்ப்பருக்கே அந்தத் தகட்டில் முதல் ஒலியை எழுப்பச் சில நாட்கள் ஆகும்.

டால்பின் பழக்குபவர்கள் விசில் ஊதுவதைப் பார்த்து அதையே காப்பியடிப்பவர்களும் உண்டு. அங்கே விசிலுக்குப் பொருள் வேறு. ‘நீ இப்போது செய்தது சரி, மீன் வருகிறது’ என்பதற்கான அடையாளம் அது. கூப்பிடுவதற்கும் பாராட்டுவதற்கும் ஒரே விசிலைப் பயன்படுத்தினால் நாய் குழம்பும். பாராட்டுக்கு, அழுத்தினால் ‘கிளிக்’ என்று ஒலிக்கும் கிளிக்கரோ ஒரு சொல்லோ இருக்கட்டும்.

விசிலின் சுருதியும் மாறக் கூடாது. ஆக்மி போன்ற நிறுவனங்களின் விசில்களில் 210½, 211½ என்று ஓர் எண் பொறித்திருக்கும். எண் மாறினால் சுருதியும் மாறும். விசில் தொலைந்தால் அதே எண்ணில் வாங்கிக்கொள்ளலாம், நாய்க்கு வேறுபாடு தெரியாது. தொடங்கும்போதே இரண்டாக வாங்கி ஒன்றை வீட்டில் வைப்பது இன்னும் நல்லது. உள்ளே சிறு உருண்டை உருளும் விசில்களில், ஊதுகிற வேகத்துக்கேற்ப ஒலி மாறும். உமிழ்நீர் சேர்ந்தால் உருண்டை ஒட்டிக்கொள்ளும். உருண்டை இல்லாதது தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது.

விசிலைக் கெடுப்பது எப்படி

இதை நான் மிகத் திறமையாகச் செய்தேன். பழக்கம் நன்றாகப் பிடிபட்டு, நாய் பறந்து வரத் தொடங்கிய காலம். விளையாட்டு முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் ஊதுவேன். வரும், வாரை மாட்டுவேன், கிளம்புவோம். இரண்டே வாரங்களில் என் நாய் விசிலைக் கேட்டதும் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. அது பாடத்தைத் தப்பாகப் படிக்கவில்லை. ‘விசில் என்றால் விளையாட்டு முடிந்தது’ என்று நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அப்படியே படித்திருந்தது.

குளியலுக்குக் கூப்பிட விசில், நகம் வெட்ட விசில், மருந்து ஊட்ட விசில் எல்லாம் இதே வகைதான். இத்தகைய வேலைகளுக்கு விசிலே வேண்டாம், நீங்கள் எழுந்துபோய் அழைத்து வாருங்கள். வெளியில் பத்து முறை கூப்பிட்டால் எட்டு ஒன்பது முறையாவது, வந்ததும் தீனி கொடுத்து மறுபடி விளையாட விட்டுவிட வேண்டும். வாரை மாட்டுவதும் ஒரு விளையாட்டாகட்டும்: மாட்டுங்கள், தீனி கொடுங்கள், கழற்றி விடுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது தாமதமாக வந்த நாயைத் திட்டுவது. பத்து நிமிடம் சுற்றவிட்டு வந்த நாயைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் நாய் கடைசியாகச் செய்த செயல் என்ன? உங்களிடம் வந்தது. திட்டு அதன்மேல்தான் விழுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டாவது தீனியைக் கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே கெட்டுப்போன விசிலைப் பழுதுபார்ப்பதைவிட, வேறு சுருதியில் புதிதாக ஒன்றை எடுத்து, வீட்டுக்குள் முதல் பாடத்திலிருந்து தொடங்குவது விரைவாக முடியும். நானும் கடைசியில் அதைத்தான் செய்தேன். மூன்றாவது விசில்!

ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்கிற மனநிலை

ஒரு முறை ஊதி வரவில்லையென்றால் இரண்டாவது முறை, மூன்றாவது, பிறகு தொடர்மழை. ஆறாவது ஊதலில் நாய் வந்தால், ஆறு ஊதல்தான் கட்டளை என்று அது கணக்குப் போட்டுக்கொள்ளும். வராமலே போனால் அந்தச் சத்தம் காற்றின் சத்தத்தைப் போல ஆகிவிடும். ஒரு முறை ஊதுங்கள். வரவில்லையா, அதன் பக்கம் நடந்து போங்கள், அல்லது அதன் கண்ணில் படும்படி எதிர்ப்பக்கம் ஓடுங்கள், பல நாய்கள் துரத்திக்கொண்டு வந்துவிடும். அன்றைக்குப் பாடம் கடினமாகிவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வராது என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும்போது ஊதவே வேண்டாம். அணிலைத் துரத்திக்கொண்டு பாதித் தூரம் போய்விட்ட நாயிடம், பயிற்சி முழுமையாகாத நிலையில், விசில் எடுபடாது. பழக்கும் காலத்தில் 5 முதல் 10 மீட்டர் வரையுள்ள நீண்ட கயிறு இந்தச் சங்கடத்தைத் தவிர்க்கும். அதை மார்புப் பட்டையில்தான் கட்ட வேண்டும். வேகமாக ஓடும் நாய் கயிறு முடியுமிடத்தில் வெடுக்கென்று நின்றால், கழுத்துப் பட்டையாக இருந்தால் கழுத்தில் காயம் படும்.

வீட்டுக்குள் நூற்றுக்கு நூறு வாங்கிய நாய் வெளியில் சுழியம் வாங்குவது ஏன் என்று பலரும் கேட்பார்கள். ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்கு எடுத்துச் செல்வதில் நாய்கள் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டுவதில்லை. கூடம், பிறகு முற்றம், பிறகு ஆளில்லாத வெளி, பிறகு தூரத்தில் ஒரே ஒரு நாய் இருக்கும் இடம் என்று ஏற வேண்டும். தூரத்தைக் கூட்டும் நாளில் கவனச்சிதறலைக் கூட்டாதீர்கள். தீனியைச் சீக்கிரமே நிறுத்திவிடுவதும் இங்கே நடக்கும் தவறுதான். உட்காரச் சொன்னதற்குத் தீனி தராமல் இருக்கலாம். ஆபத்திலிருந்து திருப்பி அழைக்கும் விசிலுக்கு மட்டும் ஆயுள் முழுக்கச் சம்பளம் உண்டு.

காதுகளைப் பற்றி

கையளவு தூரத்தில் நாயை வைத்துக்கொண்டு முழு மூச்சில் ஊதுவதைப் பார்த்தால் எனக்குக் காது கூசும். பலமாக ஊதினால் பல விசில்கள் 100 டெசிபலைத் தாண்டும். கேட்காத விசிலும் அப்படித்தான், நமக்குக் கேட்கவில்லை என்பதால் நாய்க்கும் மெல்லிய ஒலியாகத்தான் இருக்கும் என்று பொருளில்லை. வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய் என்றால், விசிலின் துவாரத்தை விரலால் பாதி மூடி, அடுத்த அறையிலிருந்து மெல்ல ஊதித் தொடங்க வேண்டும்.

பிடிவாதம் என்று நாம் நினைப்பது சில நேரம் செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற கதையாகவும் இருக்கலாம். டால்மேஷன் இனத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை மற்ற இனங்களைவிட மிக அதிகம், வெள்ளை நிற புல் டெரியர்களிடமும் உண்டு. ஒரு காது மட்டும் கேட்காத நாயின் நிலைமை இன்னும் விசித்திரமானது. அதற்கு விசில் கேட்கும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நின்று தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தவறான பக்கம் ஓடும். அப்படி ஒன்றைப் பார்த்தால் திட்டாதீர்கள், கையைத் தூக்கி அசையுங்கள், கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

வயதான நாய்களுக்குக் கேட்கும் திறன் குறையும்போது, உயர்ந்த சுருதிகள் முதலில் போவது வழக்கம். என் நாய்க்கு இப்போது பதினொரு வயது. போன ஆண்டிலிருந்து விசிலுக்குத் திரும்புவது கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகிறது. அதனால் கொஞ்சமாவது காது கேட்கும்போதே கைச்சைகைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் விசிலை ஊதிவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன், ஒன்றும் பதியவில்லை. பிறகுதான் நினைவு வந்தது: புதியது முன்னால், பழையது பின்னால். இப்போது என்னைப் பார்க்கும்போது கையைத் தூக்குகிறேன், ஒரு நொடி கழித்து ஊதுகிறேன். நேற்று நான் விசிலை வாயில் வைப்பதற்குள் பாதி வழி வந்துவிட்டது.